முதல் வீடும் அரசின் இரண்டு வாசல்களும்



சொந்த வீடு பற்றிய பேச்சு எழுந்தால், நம் குடும்பங்களில் இரண்டு விடைகளே பெரும்பாலும் கேட்கின்றன. ஒன்று, "அரசாங்கமே மானியம் தருகிறது, வங்கியில் கடன் வாங்கிவிடலாம்" என்பது. மற்றொன்று, "அதெல்லாம் வட்டி, நமக்கு வேண்டாம்" என்பது. முதல் விடையைச் சொல்பவர், அரசு தருவது எது, வங்கி எடுத்துக்கொள்வது எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டாம் விடையைச் சொல்பவர், வட்டியே கலவாத அரசு உதவியும் உண்டு என்பதை அறியாமல், தமக்குரிய உரிமையையும் சேர்த்தே விட்டுவிடுகிறார். ஒருவர் படிக்காமல் கையொப்பமிடுகிறார், மற்றவர் படிக்காமல் விலகிச் செல்கிறார். இருவருக்கும் இழப்பு உண்டு.

முதல் வீடு வாங்குவோருக்கும் கட்டுவோருக்கும் இந்நாட்டின் அரசுகள் நீட்டிய உதவி இரண்டு வாசல்கள் வழியாக வந்துள்ளது. ஒன்று கொடுக்கும் வாசல், அதாவது திருப்பித் தர வேண்டாத மானியம். மற்றொன்று கடன் வாசல், அதாவது வங்கிக் கடனும் அதன் வட்டியில் ஒரு பகுதிக்குச் சலுகையும். இவ்விரண்டும் எவ்வாறு தோன்றின, ஒன்று எவ்வாறு மற்றொன்றைவிடப் பெரிதாக வளர்ந்தது என்பதை அறிந்துகொண்டால், நம் முன் நிற்கும் திட்டம் எந்த வாசலைச் சேர்ந்தது என்பதை எவரும் கேட்டுத் தெளியலாம். அதற்காகவே இக்கட்டுரை.

கூட்டுறவிலிருந்து வாரியம் வரை

வீடு கட்டுவதற்கு நிறுவனக் கடன் என்ற எண்ணம் இந்நாட்டில் கூட்டுறவு இயக்கத்தோடு வேரூன்றியது. 1904 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் கிராமக் கடனையே முதன்மையாக நோக்கியது. 1912 ஆம் ஆண்டுச் சட்டம் கடன் அல்லாத பிற நோக்கங்களுக்கும் சங்கங்கள் அமைக்க இடமளித்தது. வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கங்கள் பரவ அது வழிவிட்டது. எனினும் அவற்றில் சேர்ந்தோர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெற்ற நடுத்தர வகுப்பினரே. கடலோர ஊர்களின் வணிகரும், கப்பலேறிப் பிழைக்கச் சென்றவரும் கைச்சேமிப்பைக் கொண்டே வீடு கட்டினர். அத்திவாரம் ஒரு பயணத்தில், சுவர் மறு பயணத்தில், கூரை மூன்றாம் பயணத்தில் என்று வீடு மெல்ல எழுந்தது. காலம் நீண்டது, ஆனால் கடன் இல்லை.

விடுதலைக்குப் பின் அரசு நேரடியாகக் களத்தில் இறங்கியது. 1952 இல் தொழிலாளர்களுக்கான மானிய வீட்டுத் திட்டமும், 1954 இல் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான வீட்டுத் திட்டமும், 1959 இல் நடுத்தர வருவாய்ப் பிரிவினருக்கான திட்டமும் வந்தன. அன்றே இரண்டு வாசல்களும் தனித்தனியே தெரிந்தன. தொழிலாளர் திட்டத்தில் மானியம் இருந்தது. மற்ற இரண்டும் கடன் திட்டங்கள். 1956 இல் தோன்றிய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் இவ்வகைக் கடன்களுக்கு ஊற்றாயிற்று.

தமிழ்நாட்டில், சென்னை நகர மேம்பாட்டுக் கழகத்தின் வழித்தோன்றலாக, 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வசதி வாரியம் அமைந்தது. வாரியக் குடியிருப்புகள் பலவற்றில் வீடு தவணைக் கொள்முதல் முறையில் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீடு பெற்றவர் முன்பணம் கட்டிக் குடியேறுவார், பல ஆண்டுகள் மாதத் தவணை செலுத்துவார், கடைசித் தவணைக்குப் பிறகே கிரயப் பத்திரம் பெறுவார். "வாரிய வீடு அரசாங்க வீடு, அதில் வட்டி ஏது" என்று எண்ணியவர் பலர். ஆனால் தவணைக் கணக்கில் வட்டி இருந்தது, தாமதித்தால் அபராத வட்டியும் சேர்ந்தது. நிலம் கொடுத்தவர்கள் நீதிமன்றம் சென்று கூடுதல் இழப்பீடு பெற்ற இடங்களில் அந்தச் சுமையும் ஒதுக்கீடு பெற்றோர் மீது இறங்கியது. தவணை முடிந்தும் பத்திரம் கைக்கு வராமல் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. நிலுவைதாரர்களுக்கு வட்டித் தள்ளுபடி அளிக்கும் அரசாணைகள் பின்னர் வந்ததே, அந்தச் சுமை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்குச் சான்று.

ஏழைகளுக்கென 1970 இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. 2021 முதல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். தொடக்கத்தில் அது அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்தது. 1977 இல் உலக வங்கியின் கடனுதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது நோக்கு மாறியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் வீட்டுக்குப் பதில் மனையும், குடிநீர், கழிவுநீர், சாலை வசதிகளும் வழங்கப்பட்டன. வீட்டைக் குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டும், மனையின் விலையைத் தவணையில் திருப்பித் தர வேண்டும். கொடுத்ததை மீட்க வேண்டும் என்ற கொள்கை அப்போதுதான் அரசின் வீட்டு வசதித் துறையில் வலுப்பெற்றது.

கடன் வாசல் பெரிதான கதை

அதே காலத்தில் தேசிய அளவிலும் கடனுக்கான அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1970 ஏப்ரலில் மத்திய அரசு ஹட்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. அது மாநில வாரியங்களுக்குக் கடன் தந்தது. 1977 இல் எச்.டி. பாரேக் தொடங்கிய எச்.டி.எஃப்.சி. தனிமனிதர்களுக்கு நேரடியாக வீட்டுக்கடன் தரும் வழக்கத்தை நாட்டில் பரப்பியது. வீட்டுக்கடன் நிறுவனங்களை ஊக்குவிக்கவும் மேற்பார்வையிடவும் 1988 ஜூலையில் தேசிய வீட்டு வசதி வங்கி செயல்படத் தொடங்கியது. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் வணிக வங்கிகளும் இத்துறையில் பெருமளவில் நுழைந்தன.

இதன் விளைவை நம் வீடுகளிலேயே காணலாம். முந்தைய தலைமுறையில் வீடு என்பது உழைத்து ஓய்ந்தபின் சேமிப்பில் வாங்குவது. இன்றைய தலைமுறையில் அது வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் கடனில் வாங்குவது. கடன் கிடைப்பது எளிதானதும் விலையும் உயர்ந்தது. விலை உயர்ந்ததும் கடனின்றி வாங்குவது மேலும் கடினமாயிற்று. வட்டியைத் தவிர்ப்பவரும் அதே சந்தையில்தான் மனை தேட வேண்டியிருக்கிறது.

அரசின் வரிச் சலுகையும் இவ்வழியில்தான் அமைந்தது. குடியிருக்கும் வீட்டின் கடனுக்குச் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலும், 2014 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. முதல் வீடு வாங்குவோருக்கென்றே 2013 இலும் 2016 இலும் 2019 இலும் கூடுதல் கழிவுகள் அறிவிக்கப்பட்டன. 2019 ஆம் ஆண்டுச் சலுகை, 2022 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு, 45 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீட்டுக்கு, 1.5 லட்சம் ரூபாய் கூடுதல் கழிவு தந்தது. இவை அனைத்தும் வட்டி செலுத்தியவருக்கு மட்டுமே உரியவை. ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்து வட்டியின்றி வீடு கட்டியவருக்கு இவற்றில் பங்கில்லை. இன்று இயல்பாகப் பொருந்தும் புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கான இந்த வட்டிக் கழிவு கிடையாது. "வரியில் மிச்சமாகும்" என்று சொல்லி இன்றும் கடனை விற்பவர்களிடம் இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

வட்டி மானியம்: கணக்கு என்ன சொல்கிறது

வட்டிச் சலுகையே ஒரு தனித் திட்டமாக உருவெடுத்தது 2008 இல். நகர்ப்புற ஏழைகளுக்கான அத்திட்டம் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 5 விழுக்காடு வட்டி மானியம் அளித்தது. 2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் அதைப் பன்மடங்கு பெரிதாக்கியது. ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, 6 லட்சம் ரூபாய் கடன் வரை 6.5 விழுக்காடு மானியம் கிடைத்தது. 2017 முதல், 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளோருக்கு 9 லட்சம் கடனுக்கு 4 விழுக்காடும், 18 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளோருக்கு 12 லட்சம் கடனுக்கு 3 விழுக்காடும் நீட்டிக்கப்பட்டன. நடுத்தர வருவாய்ப் பிரிவுக்கு 2021 மார்ச்சிலும், மற்றவர்களுக்கு 2022 மார்ச்சிலும் அது முடிவுற்றது.

அந்தத் திட்டத்தில் 20 ஆண்டுக் கடனுக்கு அதிகபட்ச மானியம் ஏறத்தாழ 2.67 லட்சம் ரூபாய். அது பயனாளியின் கையில் தரப்படவில்லை, கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டு அசல் குறைக்கப்பட்டது. 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 6 லட்சம் கடன் பெற்ற ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். மானியம் இல்லையெனில் மாதத் தவணை சுமார் 5,400 ரூபாய், மொத்தம் ஏறத்தாழ 12.95 லட்சம். மானியத்துக்குப் பின் எஞ்சிய அசல் 3.33 லட்சம். தவணை சுமார் 3,000 ரூபாயாகவும் மொத்தம் ஏறத்தாழ 7.18 லட்சமாகவும் குறைகின்றன.

குடும்பத்தின் சுமை பெரிதும் இறங்கியது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. அதே வேளையில், வாங்கியது 6 லட்சம், குடும்பம் திருப்பியது 7.18 லட்சம், அரசு செலுத்தியது 2.67 லட்சம். வங்கிக்குச் சென்ற மொத்தம் 9.85 லட்சம். மானியம் வட்டியை நீக்கவில்லை, அதன் ஒரு பகுதியைச் செலுத்தும் கையை மட்டுமே மாற்றியது.

2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத் திட்டத்தில் விதிகள் மாறின. ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்கள், 35 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் வரை கடன் பெற்றால், முதல் 8 லட்சம் ரூபாய்க்கு 12 ஆண்டு வரை 4 விழுக்காடு மானியம் உண்டு. அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். 8 லட்சம் ரூபாயை 9 விழுக்காட்டில் 12 ஆண்டுகளில் அடைத்தால் வட்டி மட்டும் சுமார் 5.1 லட்சம் ஆகிறது. இங்கும் மானியம் வட்டியை ஈடுசெய்வதில்லை.

இன்னொரு விதியையும் நாம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தவணை மானியமும் வெளிவரும்போது கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் நிலுவையாகவும் இருக்க வேண்டும். கடனிலிருந்து விரைவாக விடுபடுவதே நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் சமுதாயம் நாம். இத்திட்டத்திலோ விரைந்து அடைத்தவர் மீதி மானியத்தை இழக்கிறார். ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் இதற்காக அடைப்பதைத் தள்ளிப்போடுமுன், கிடைக்கப்போகும் மானியத்தையும் அதுவரை செலுத்தப்போகும் வட்டியையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். மாறும் வட்டியிலான வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாதென ரிசர்வ் வங்கி 2012 இலேயே உத்தரவிட்டுவிட்டது. கடன் முடிந்த 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது.

கொடுக்கும் வாசல்

கடன் வாசல் பெரிதான காலத்திலும் கொடுக்கும் வாசல் மூடப்படவில்லை. 1985-86 இல் தொடங்கிய இந்திரா வீட்டு வசதித் திட்டம் கிராமப்புற ஏழைகளுக்கு மானியமாகவே பணம் தந்தது. 2016 இல் அது பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டமாக மாறியபோது, சமவெளிப் பகுதிகளில் வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. சச்சார் குழு அறிக்கை வெளியான 2006 ஆம் ஆண்டையொட்டி வந்த 15 அம்சத் திட்டத்தின்படி, கிராமப்புற வீட்டுத் திட்ட இலக்கில் 15 விழுக்காடு சிறுபான்மையினருக்கென ஒதுக்கப்பட்டது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் சில பகுதிகளைக் கடன் தரத் தகாத வட்டாரங்களாகச் சில வங்கிகள் குறித்து வைத்திருந்ததையும் அதே சச்சார் அறிக்கை பதிவு செய்தது. கடன் வாசலில் நம்மவர் குறைவாக இருந்ததற்கு மார்க்கப் பேணுதல் மட்டுமே காரணமல்ல என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டு அரசும் இவ்வழியில் தொடர்ந்து நடந்துவந்துள்ளது. 2010 இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வீட்டுக்கு 75,000 ரூபாய் தந்தது. 2011 இல் வந்த சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. 2024 இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஆறு ஆண்டுகளில் 8 லட்சம் குடிசைகளை மாற்றும் இலக்கோடு, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் அளிக்கிறது.

நகரங்களிலும் ஒரு கொடுக்கும் வாசல் உண்டு. பிரதமரின் நகர்ப்புறத் திட்டம் என்றாலே வட்டி மானியம்தான் என்று பலர் எண்ணுகின்றனர். அதே திட்டத்தில், சொந்த மனை வைத்திருக்கும் ஏழைக் குடும்பம் தானே வீடு கட்டிக்கொள்ள மானியம் பெறும் பிரிவும் இருக்கிறது. இரண்டாம் கட்ட விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டோருக்கு மத்திய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு குறைந்தது 1 லட்சமும் தர வேண்டும். இதில் கடன் கட்டாயமில்லை, எனவே வட்டியும் இல்லை. தகுதியுள்ள ஒரு குடும்பம், "வீட்டுத் திட்டம் என்றாலே வட்டி" என்று எண்ணி விண்ணப்பிக்காமல் விடுவது பேணுதல் ஆகாது, அறியாமையே ஆகும்.

மாதச் சம்பளம் பெறுவோருக்கு மற்றொரு வழியும் உள்ளது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க 1952 ஆம் ஆண்டுத் திட்ட விதிகளிலேயே இடமுண்டு. தகுதிக் காலமும் வரம்பும் அவ்வப்போது மாறுகின்றன. ஆனால் அது திருப்பித் தர வேண்டாத முன்பணம், தம் சேமிப்பையே எடுப்பது. கடன் விண்ணப்பத்துக்கு முன் இதைக் கேட்டறிவது நல்லது.

மூன்றாவது வாசல் ஏன் திறக்கவில்லை

வட்டியின்றி, வணிக முறையிலோ பங்குடைமை முறையிலோ வங்கி வீடு வாங்கித் தரலாகாதா என்ற கேள்வி இங்கு எழும். வங்கி வீட்டை வாங்கி, அறியப்பட்ட இலாபத்தோடு தவணையில் விற்பது முராபஹா. வங்கியும் குடும்பமும் கூட்டாக வாங்கி, குடும்பம் வாடகை செலுத்தியவாறே வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வது குறைந்துசெல்லும் முஷாரகா. உலகின் பல நாடுகளில் இவை நடைமுறையில் உள்ளன.

இந்தியாவில் தடையாக நிற்பது 1949 ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 8 ஆம் பிரிவு வங்கிகள் பொருள் வாங்கி விற்கும் வணிகம் செய்வதைத் தடுக்கிறது. தன் சொந்தப் பயன்பாட்டுக்கு அல்லாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருப்பதை 9 ஆம் பிரிவு தடுக்கிறது. மேலும், ஒரே வீடு வங்கிக்கு ஒருமுறையும் குடும்பத்துக்கு ஒருமுறையும் கைமாறினால் இரண்டு பதிவுகள் தேவைப்படும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இருமுறை கட்டினால் 18 விழுக்காடு ஆகிறது.

இத்தடைகள் நீக்க முடியாதவை அல்ல. பிரிட்டன் 2003 இல் இவ்வகை வீட்டு ஒப்பந்தங்களுக்கு இரட்டை முத்திரை வரியை நீக்கியது. நம்மவர் தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூர் 2005 இல் அவ்வாறே செய்தது. இந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு, வட்டியில்லா வங்கிச் சேவையை அனுமதிப்பதற்குப் பரிந்துரைத்தது. நம்பிக்கையின் காரணமாக வங்கிகளிலிருந்து விலகி நிற்போரை உள்ளே கொண்டுவர அது உதவும் என்பது அக்குழுவின் நோக்கு. 2015 இல் தீபக் மொகந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே வட்டியில்லாத் தனிப் பிரிவு திறக்கலாம் என்றது. 2017 நவம்பரில், இதை மேற்கொண்டு செல்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவெடுத்திருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கான விடையில் வெளிவந்தது. அதனால் இன்றளவும் நம் முன் இருப்பவை முதலிரு வாசல்கள் மட்டுமே.

நாம் கேட்க வேண்டியவை

வட்டியைப் பற்றிய மார்க்கத்தின் நிலை தெளிவானது. அல்பகரா அத்தியாயம் அதைக் கடுமையாக விலக்குகிறது. இறுதி ஹஜ் பேருரையில் அறியாமைக் கால வட்டி அனைத்தையும் ரத்து செய்த நபி (ஸல்) அவர்கள், முதலில் ரத்து செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியையே. நிர்ப்பந்த நிலை எது, மேற்கு நாடுகளில் சிறுபான்மையினருக்குச் சில அறிஞர்கள் 1999 இல் அளித்த சலுகை எங்கெல்லாம் பொருந்தும் என்பன குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றில் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. உங்கள் குடும்பத்தின் முழு நிலையையும் கணக்கோடு எடுத்துச் சென்று, நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேளுங்கள். "அரசு மானியம்" என்ற சொல்லை மட்டும் சொல்லிக் கேட்டால் விடையும் அரைகுறையாகவே இருக்கும். பணம் யாரிடமிருந்து வருகிறது, யார் கணக்கில் சேருகிறது, திருப்பித் தர வேண்டிய மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

ஆவணங்களில் நம் குடும்பங்களுக்கே உரிய சில சிக்கல்கள் உள்ளன. முதலாவது, முதல் வீடு என்பதன் பொருள். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோரில் எவர் பெயரிலும் நாட்டின் எப்பகுதியிலும் உறுதியான வீடு இருக்கக் கூடாது என்பதே பிரதமரின் திட்டத்தின் நிபந்தனை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம். மனைவி பெயரில் ஊரில் வீடு இருக்க, கணவர் சென்னையில் முதல் வீடு என்று விண்ணப்பித்தால் அது பொய் உறுதிமொழி ஆகிவிடும். சிறிய தொகைக்காக அந்தப் பாவத்தையும் சட்டச் சிக்கலையும் தேடிக்கொள்ளலாகாது. அதே வேளையில், குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு வீடு பெண்ணின் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ இருக்க வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டுத் திட்டம் விதித்தது. பெண்ணுக்கு வீடு என்பது நமக்குப் புதிதன்று.

இரண்டாவது, பிரிக்கப்படாத வாரிசுச் சொத்து. மானியம் பெற மனை விண்ணப்பதாரரின் பெயரில் இருக்க வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே உள்ளது. ஃபராயிள் சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்பது வாயளவில் தெரியும், ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்படவில்லை, பட்டா மாற்றப்படவில்லை. உரியவர் பங்கை உரிய காலத்தில் பிரித்துக் கொடுப்பது மார்க்கக் கடமை. அதைத் தள்ளிப்போடுவதன் விலையை, மானியம் நிராகரிக்கப்படும்போது பேரப்பிள்ளைகள் செலுத்துகின்றனர். வக்ஃபு நிலத்தில் வாழ்வோர் அம்மனையைத் தம் பெயருக்கு மாற்றவோ அடமானம் வைக்கவோ இயலாது என்பதையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இடைவெளிப் பணம். நகர்ப்புறத்தில் வீடு கட்டும் மானியம் ஒரே தடவையில் வருவதில்லை. அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை, நிறைவு என்று பணி எழ எழ, புகைப்படச் சான்றோடு தவணைகளாக வருகிறது. அடித்தளம் போடும் பணம் முதலில் குடும்பத்தின் கையிலிருந்துதான் வர வேண்டும். அந்தச் சில மாத இடைவெளிக்குத்தான் ஏழைகள் கந்துவட்டிக்காரரிடம் செல்கின்றனர். 2003 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு கந்துவட்டியைத் தடைசெய்து சட்டம் இயற்றியும் அது ஒழியவில்லை. வட்டியற்ற மானியத்தைப் பெறுவதற்காகவே ஒருவர் கொடிய வட்டியில் விழுகிறார் என்றால், அதை நம் மஹல்லாக்கள் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

இங்குதான் பைத்துல்மாலுக்குப் பணி இருக்கிறது. ஒரு வீட்டின் முழு விலையையும் கடனாகத் தர எந்த ஜமாஅத்தாலும் இயலாது. அடித்தளச் செலவுக்கு அழகிய கடன் தந்து, அரசின் தவணை வந்ததும் திரும்பப் பெற்று, அதே தொகையை அடுத்த குடும்பத்துக்குத் தருவது இயலும். அனுமதி ஆணையே அத்தொகை திரும்பும் என்பதற்கு ஓரளவு உறுதி தருகிறது. கடனை எழுதிக்கொள்ளுமாறும், சிரமத்திலிருப்பவருக்கு அவகாசம் தருமாறும் குர்ஆன் கற்பிக்கும் ஒழுங்கோடு இதை நடத்தலாம். ஏற்கெனவே கடனில் மூழ்கித் தவிப்போருக்கு ஜகாத்தின் எட்டுப் பங்குகளில் ஒன்று உரியது என்பதையும் மறவாதிருப்போம்.

நூறாண்டு வரலாறு நமக்குக் காட்டுவது இதுவே. அரசின் உதவி ஒரே தன்மையுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. கொடுப்பதும் கடனாகத் தருவதும் ஒரே திட்டத்தின் பெயருக்குள் அருகருகே இருக்கின்றன. அடுத்த முறை ஒரு திட்டத்தின் பெயரைக் கேட்கும்போது, "இது வேண்டும்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்வதற்குமுன், இது எந்த வாசல் என்று கேட்போம். கொடுக்கும் வாசல் நமக்கும் உரியது, அதில் தயக்கமின்றி நுழைவோம். கடன் வாசலின் முன் நின்று, கணக்கெழுதி, ஆலிமிடம் கேட்டு, அல்லாஹ்வுக்கு அஞ்சி முடிவெடுப்போம்.

நம் இல்லங்களை நிம்மதியின் இடங்களாகவும், நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும், கடன் சுமையிலிருந்து காக்கப்பட்டவர்களாக நம்மையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.